கால் சுற்று

டிசம்பர். ஸெனிட்சாவில்
ஆலைப் புகைக்கும் பனிக்கும் ஒரே நிறம்.
கோல்ஃபின் பானெட்டைத் தூக்கினால்
சுட்ட எண்ணெய் வாடை முகத்தில் அறைகிறது.

போன ஞாயிறு ஜெவாத் மாட்டித் தந்த கேஸ்கெட்.
நாத்தனார் கணவன், கைவலு அதிகம்.
கசிந்தால் இன்னும் இறுக்கு என்பான்,
எதற்கும்.

எட்டு நட்டும் கழன்றன.
மூடி வர மறுத்தது. கட்டை வைத்து ஒரு தட்டு.
உள்ளே கேம் ஷாஃப்ட் கருகருவென்று மினுங்க,
கார்க் இரண்டாய்ப் பிளந்து கிடந்தது.
நட்டு உட்கார்ந்த இடமெல்லாம்
தகரத்தில் குழி.
ஓரத்துப் பிறை ரப்பரை அவன் தொடவேயில்லை,
கல்லாகியிருந்தது.

சவரத் தகட்டால் சுரண்டினேன்.
காய் நறுக்கும் பலகைமேல் கவிழ்த்து
குழிகளை உள்ளிருந்து தட்டி எடுத்தேன்.
மூன்றாம் மாடி ஹஸ்னியா
படாரென்று சன்னலைச் சாத்தினாள்.

புது கார்க், புதுப் பிறை.
நடுவில் தொடங்கிக் குறுக்கும் மறுக்குமாய்
முதலில் வெறும் விரல்,
பிறகு ஸ்பானர், இரண்டே விரல் பிடியில்.
இன்னும் கால் சுற்று, என்றது மணிக்கட்டு.
கொடுக்கவில்லை.

போனில் ஜெவாத்:
"நல்லா இறுக்கினியா?"

சாவியைத் திருப்பி
மஞ்சள் விளக்கு அணையக்
காத்திருந்தேன்.