கீறல்

சிவப்பைத் தள்ளிவிடத் துடிக்கிறான் விற்கிறவன்.
டெலித் கதவைக்கூடத் திறக்கவில்லை.
பின்னால் போய்க் குந்தி
கேரவன் மாட்டும் குமிழைத் தடவுகிறாள்.
வழவழவென்று, ஒரு கீறல் இல்லை.
"எதையும் இழுத்ததே இல்லைங்க."
"அதுதான் யோசனை."

போன ஆகஸ்ட், டோல்கெத்லி ஏற்றம்.
கிளட்ச் கருகி
வண்டியும் வீடுமாய்ப் பின்னுக்கு நழுவ
சக்கரத்துக்குக் கல் தேடி
மழையில் ஓடினான் ஹெவின்.
இரவு அங்கேயே படுக்கை.
கோப்பையில் தேநீர்
சாய்ந்தபடியே ஆறியது.

மூலையில் சாம்பல் நிற டீசல்.
ஒன்பது வயது.
குமிழில் கிரீஸ், துரு,
யாரோ ஒருவரின் ஒன்பது கோடைகள்.

"மேட்டில் நிறுத்தி எடுத்துப் பார்க்கலாமா?"
சாவியை வாங்குகிறாள்.
ஹெவின் பின்னால் ஏறிக்கொள்கிறான்,
மடியில்
எதற்கும் இருக்கட்டுமென்று
அந்தக் கல்.