இருபத்தாறாம் தேதிப் பாத்திரங்கள்

முதலில் நாற்காலிகள் போயின.
பதினான்கு வாங்கியிருந்தோம்.
ஒன்றின் கால், ஸ்டான்லி மாமாவின் பாரம் தாங்காமல்
ஜெபத்தின் நடுவே முறிந்தது.
ஆமென் சொல்லிக்கொண்டே விழுந்தார் மனிதர்.
வாடகைக்கார ரசலையன்
முறிந்த காலை நிறுத்துப் பார்ப்பவன்போல
உள்ளங்கையில் ஏந்தினான்.
நூற்றெண்பது ரூபாய் என்றான்.
அத்தோடு பெருநாள் முடிந்தது.

பளுகலில் எங்கள் சந்துக்கு
இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளம்,
நடுவில் தாண்டிவிடக்கூடிய ஓடை.
இன்று அதில் வெடித்தாளும்
யாரோ கடித்துப் போட்ட கேக்கின் சிவப்பு ரோஜாவும்
ஒன்றாக மிதந்து போகின்றன.
கரண்ட் போனால் ஒரு பக்கம் மட்டும் இருளும்.
நேற்று ராத்திரி அப்படித்தான்,
ஓமனா வீட்டு நட்சத்திர வெளிச்சத்தில்
என் வீட்டு எறச்சிக் கறியைப் பரிமாறினேன்.
எலும்பு யாருக்கு, ஈரல் யாருக்கு என்று
அந்த நட்சத்திரம்
விட்டுவிட்டுத்தான் காட்டியது.

உருளியும் அவளுடையதுதான்.
புளி போட்டு, சாம்பல் போட்டு, கை வலிக்கத் துலக்கினேன்.
வெறும் பாத்திரத்தைத் திருப்பக் கூடாது.
இந்தச் சந்தில்
இரண்டு மாநிலத்துக்கும் பொதுவான சட்டம் அது ஒன்று.
வட்டயப்பம் தீர்ந்துவிட்டது.
அச்சு முறுக்கு டப்பாவில் பொடி.
நாலு முட்டையை வைத்து நீட்டினேன்.
"இதெந்தா, ஈஸ்டர் ஆயோ?" என்றாள் ஓமனா.

புல்கூட்டைப் பிரிக்க
ஜனவரி ஆறு வரை நேரமிருக்கிறது.
ஆனால் நபீசாவின் மகன்
பல் துலக்காமல் வந்து நிற்கிறான்.
இரண்டு ஆடும் ஒரு டைனோசரும் அவனுடையவை.
வைக்கோலில் மூன்று நாள் நின்றது டைனோசர்,
வாயைத் திறந்தபடி, குழந்தையைப் பார்த்தபடி.
பங்குச்சாமி வந்தபோதும் அதை விரட்டவில்லை.

கோயில் போட்டோவுக்கென்று கேட்டு வாங்கிய சங்கிலி
நாத்தனார் டெல்பினுடையது.
கழற்றும்போது கொக்கியில் என் முடி ஒன்று சிக்கி வந்தது.
டெல்பின் அதை எண்ணிப் பார்க்கவில்லை,
எடை பார்க்கவில்லை,
என் எதிரில் பார்க்கவில்லை.

பத்து மணிக்குக் களியக்காவிளையில்
கிறிஸ்துதாஸை பஸ் ஏற்றினேன்.
ஆலுவாவில் சென்ட்ரிங் வேலை.
காண்ட்ராக்டர் எண்ணி இரண்டே நாளுக்கு விட்டிருந்தார்.
புதுச் சட்டையின் கஞ்சி வாசம்கூட இன்னும் போகவில்லை.
நெய்யாற்றின்கரை தாண்டுமுன் போன் வந்தது:
"சார்ஜரை மறந்துட்டேன் பிள்ளே."
இருக்கட்டும் என்றேன்.
அதாவது இங்கே இருக்கட்டும்.

மத்தியானம் நாய்க்கு எலும்பு.
எனக்குப் பழங்கஞ்சியும்
சட்டி வழித்த மசாலாவும்.
நேற்றைவிட இன்றுதான் கறிக்கு ருசி ஏறியிருக்கிறது.
சொல்லத்தான் ஆளில்லை.

கிணற்றடியில் கவிழ்ந்து கிடக்கிறது
சிலுவம்மாளின் மீன் சருவம்.
இருபத்துநாலில் நெய்மீன் மொத்தமும் விற்று,
கை வீசிக்கொண்டு பஸ் ஏறினவள்
"இருவத்தேழுல எடுத்துக்கிடுதேன் மக்ளே" என்றாள்.
இருபத்தாறில் அவள் வருவதில்லை.
நான் கட்டி வந்த வருஷம்
ஏன் என்று கேட்டுவிட்டேன்.
அவள் ஒரு மீனின் செவுளைத் தூக்கி
"பாரு, எப்பிடிச் செவப்பு" என்றாள்.
கொல்லங்கோட்டுக் கடைகளில்
அன்றைக்கு மெழுகுதிரி தீர்ந்துபோகும் என்று
டெல்பின் சொன்னது பிறகுதான்.

சருவத்தை இன்னொரு தடவை தேய்த்தேன்.
அடியில் ஒட்டியிருந்தது ஒரு செதில்,
நகத்தால் எடுத்தேன்.
இதில் எதை வைத்துத் திருப்புவது?
முட்டை இல்லை. முறுக்குப் பொடியை
அவளுக்கு எப்படிக் கொடுப்பது?
நாளை எட்டரை பஸ்ஸில் வந்துவிடுவாள்.

மூன்று கால் நாற்காலி வாசலில் சாய்ந்து நிற்கிறது.
காசு கொடுத்தாகிவிட்டது,
இன்று வந்ததில், போனதில்
எங்களுக்கென்று தங்கியது அதுதான்.
சருவத்தை அதன்மேல் வைத்தேன்,
விழாமல் ஒரு கல்லை முட்டுக்கொடுத்து.
காயட்டும்.