பூப்பக்கம்

மேட்டூர் திறக்கப் பதினோரு நாள் இருந்தது.
அரசலாறு எலும்பைக் காட்டிக் கிடந்தது.
அந்த மாதங்களில்தான் எங்கள் கடைக்கு வரத்து.
சல்லடைக்காரர்கள் மணல் உதிர உதிரத்
தராசுத் தட்டில் கொட்டுவார்கள்:
ஆணி, மெட்டி, கொலுசுத் துண்டு,
நாயக்கர் காலத்துப் பொட்டுக்காசு,
புலி தேய்ந்து பூனையான சோழக்காசு.
பிரித்து வைப்பது என் வேலை.
ராஜா தெரிந்தால் இடது டப்பா.
தெரியாவிட்டால் செம்பு, கிலோ எழுநூறு.

மாரிக்கண்ணு முந்தானை முடிச்சவிழ்த்து
ஒன்றை மட்டும் தனியாக வைத்தாள்.
கோடையில் சல்லடை, மற்ற நாளில் ஒப்பாரி.
மேலக்காவேரியில் எந்தப் பந்தலிலும்
அவள் குரல் வந்த பிறகுதான்
செத்தவர் செத்தவராவார்.

பத்ருதீன் முதலாளி
ஒற்றைக் கண்ணில் லென்ஸைச் செருகினார்.
தெரிந்ததைச் சொல்லாமலிருக்க அவருக்குத் தெரியாது.
"நம்மூருது இல்ல. கடலுக்கு அந்தப் பக்கம்.
ரோமாபுரிக்குக் கப்பம் கட்டின சின்ன ஊரு.
ஒரு பக்கம் சக்கரவர்த்தி, அது கட்டாயம்.
மறுபக்கம் ஊர் இஷ்டம்.
கோயில் போடலாம், கப்பல் போடலாம்.
இவனுங்க யாரைப் போட்டிருக்கானுங்க பாரு,
பாட்டுக்காரி! அங்கேயே பொறந்தவ.
செத்து எழுநூறு வருஷம் கழிச்சு
மடியில யாழோட உக்கார வச்சிருக்கானுங்க."

சக்கரவர்த்தியை மணல் தின்றிருந்தது.
ஆறிய கொப்புளம் போல ஒரு மேடு, அவ்வளவுதான்.
அவள் இருந்தாள்,
காதோர முடி கூட.

புகாரில் இறங்கிய எவனோ
ஆற்றோடு ஏறி இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறான்.
தங்கம் செல்லும், வெள்ளி செல்லும்.
இந்தச் செம்பு அன்றைக்கே இங்கே செல்லாக்காசு.
பிறகு எதற்கு?
கேட்க வாயெடுப்பதற்குள்
பேரம் தொடங்கிவிட்டது.

"எடைக்கு எட்டு ரூபா."
"ஐந்நூறு."
முதலாளிக்குச் சிரிப்பு.
"போட்டுப் பாத்துடலாமா?"
அதையே கட்டைவிரலில் ஏற்றிச் சுண்டினார்.
"பூவா, தலையா?"
"பூ."

சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டு
எடைக்கல்லில் முட்டிப் படுத்தது.
யாழ் மேலே.

"தலை. மூஞ்சி தெரியுதுல்ல?"

"ராசா மூஞ்சிதான் தலை.
இவ ஊர்க்காரின்னு நீங்கதானே சொன்னீங்க.
இது பூ."

லென்ஸைக் கழற்றினார்,
சட்டை நுனியில் ரொம்ப நேரம் துடைத்தார்,
ஐந்து நூறுகளை எண்ணி வைத்தார்.

எழப்போனவள் மறுபடி குனிந்தாள்.
"இவ்ளோ பெரிய பாட்டுக்காரிங்கறீங்க,
ஏன் வாய மூடியிருக்கா?"

முதலாளி என்னைப் பார்த்தார்.
நான் டப்பாவைப் பார்த்தேன்.
இதற்கு நாற்பதாயிரம் தரும் சென்னைக்காரரின் நம்பர்
என் கையெழுத்தில்தான் இருக்கிறது,
காலண்டர் அட்டையின் பின்னால்.

ரசீதில் எழுதினேன்:
செம்பு, பதினோரு கிராம், தலை தேய்ந்தது.
மாரிக்கண்ணு கைநாட்டு வைத்தாள்.
மை காயட்டும் என்று
உதட்டைக் குவித்து ஊதினாள்.