இரண்டாம் மாடிக் கயிறு

ஜனவரியிலிருந்தே எங்கள் குளியலறைகளில்
காலி பாட்டில்கள்தான் குடியிருந்தன.
இந்த ஆண்டு தெரு கடலாகும் என்று
ஒன்பதுக்கு ஏழு வாக்கில் முடிவாகியிருந்தது.
அந்த ஏழு பேர் காடு கேட்டவர்கள்.
அவர்களும் பாட்டில் கழுவினார்கள், முணுமுணுத்துக்கொண்டே.

பார்சிலோனாவில், எங்கள் கிராசியாவில்,
ஒவ்வொரு தெருவும் அடுத்த தெருவை
ஓரக்கண்ணால் அளக்கும் ஆகஸ்டு.
மீன்கடை ரெமேய் பொருளாளர்;
பசை வாங்கிய சில்லறைக்கும் ரசீது கேட்பாள்.
தன்வீர் கடையின் பின்னறையில்
நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு ஜெல்லிமீன்கள்
அரிசி மூட்டைமேல் காலைத் தொங்கவிட்டுக் கிடந்தன.

கயிறுதான் சிக்கல்.
பதினொன்றாம் எண், இரண்டாம் மாடி பால்கனி
ஃபெரியோலுடையது.
டிரம்பெட் சத்தத்தில் வந்த சண்டையா,
அவர் மோட்டார்சைக்கிளில் வழிந்த பச்சைப் பெயிண்டா,
கூட்டக் குறிப்பில் இரண்டும் இருக்கிறது.
பதின்மூன்று ஆண்டுகளாக எங்கள் கயிறு
அவர் வீட்டைத் தவிர்த்து விளக்குக் கம்பத்துக்குப் போகிறது,
தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதுபோல.

பதினான்காம் தேதி இரவு இரண்டேகாலுக்கு மழை.
செயலாளர் என்ற முறையில் 'மழை' என்று எழுதினேன்;
ரெமேய் சொன்ன வார்த்தையைக் குறிப்பில் சேர்க்க முடியாது.
நீலத் தார்ப்பாயின் வயிறு நிறைந்து
கடல் தலைக்குமேல் இறங்கியது.
துடைப்பக் கட்டைகளால் தாங்கி நின்றோம்,
காடு கேட்டவர்களும்தான்.
விளக்குக் கம்பத்து முடிச்சு நழுவியது.

அப்போது பதினொன்றில் கதவு திறந்தது.
உள்ளாடையோடு ஃபெரியோல்.
கையை நீட்டினார்.
திட்டத்தான் என்று நினைத்தோம்.
கயிற்றுக்கு.

யாரோ எறிந்தார்கள்.
கம்பியில் இரண்டு சுற்று, ஒரு முடிச்சு,
கதவைச் சாத்திக்கொண்டார்.

விடிந்ததும் நடுவர்கள்.
கடல் முழுக்க அவர் பக்கமாகச் சாய்ந்திருந்தது.
"இந்தச் சாய்வு நீரோட்டத்தைக் காட்டத்தானே?"
என்றார் ஒருவர், அட்டையில் எழுதியபடி.
"ஏழு மாத யோசனை" என்றாள் ரெமேய், கண் இமைக்காமல்.
நான்காம் பரிசு.

தெருவிருந்துக்கு அவர் வரவில்லை.
மேலே ஒரு தட்டு அனுப்பினோம்.
மறுநாள் கழுவிய தட்டு படிக்கட்டில் இருந்தது.

இருபத்தொன்றாம் தேதி கடலை இறக்கினோம்.
எல்லா முடிச்சும் அவிழ்ந்தது, மழையில் இறுகிய அவருடையது தவிர.
மணியடிக்கப் போவது யார் என்று ஒருவரையொருவர் பார்த்தோம்.
கடைசியில் எங்கள் பக்கத்தில் அறுத்துக்கொண்டோம்.

மிச்சம் அங்கேயே தொங்குகிறது.
நுனியில் ஒற்றைக் காலுறை, கிளிப் போட்டு.
சரக்குப் பட்டியலில் எழுதிவைத்தேன்:
கயிறு, ஒன்று. இரண்டாம் மாடி.
பயன்பாட்டில் உள்ளது.