பதினைந்து புள்ளி

களுவாஞ்சிக்குடி. இரவு பத்தேகால்.
முப்பத்தெட்டு விடைத்தாள்,
ஒரு நுளம்புத்திரி, இரண்டு சிவப்புப் பேனை.
கேள்வி நான் போட்டதுதான்:
தபால்காரனின் பாத்திரப்பண்பை
நாவலை ஆதாரமாகக் கொண்டு விளக்குக.

முப்பது பேர் என் குறிப்பையே
எனக்குத் திருப்பித் தந்திருந்தார்கள்.
எழுத்துப்பிழை மட்டும் அவரவர் சொந்தம்.

மறுகா வந்தது குகதாசனுடையது.

"தபால்காரனுக்கு மூன்று உயிர் உண்டு.
முதலாவது காட்டில் போகும்.
ஓநாய் மூன்றாந்தரம் பாயும்போது குந்த வேண்டும்,
குந்தாவிட்டால் இரண்டாவதும் போகும்.
அவனிடம் கத்தி இல்லை.
பையில் இருக்கும் கடிதங்களைத்தான் எறிவான்.
ஆனால் ஒரு கடிதத்தை மட்டும் எறிய மாட்டான்,
பட்டனை எவ்வளவு அமத்தினாலும்."

பனிநாட்டில் யாரோ
நூறு வருஷத்துக்கு முன் எழுதிய நாவல்.
அதில் ஓநாயே இல்லை.
நாற்பத்தேழாம் பக்கத்தில், தூரத்தில், ஊளை மட்டும்.
அதைக் கேட்டுச் சப்பாத்துவாரை இறுக்குவான்,
அவ்வளவுதான்.

பொடியன் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.
அந்தப் பழைய கேமைப் போனில் இறக்கி
சோதனைக்கு முதல்நாள் முழுக்க
விளையாடித் தள்ளியிருக்கிறான்.
பூச்சியம் போடப் போனேன்.
வட்டம் பாதியில் நின்றது.

எனக்கு அந்த ஓநாயைத் தெரியும்.

தொண்ணூற்றேழு.
கல்லாற்றில் ஞானமுத்தர் கடைப் பின்னறை.
மண்ணெண்ணெய் ஜெனரேட்டர்,
நிறம் போன டீவி,
ஜப்பான் எழுத்து ஒட்டிய கசற்.
ஊதி ஊதிப் போட்டால்தான் படம் வரும்.
பத்து நிமிசம் ஐந்து ரூபாய்,
நானும் மச்சாள் தவமலரும் பாதிப் பாதி.
அது நாவல் என்று எங்களுக்கு யார் சொன்னது?
தொப்பி போட்ட ஒருத்தன்
வலப்பக்கமாக ஓடுகிறான். அதுதான் கதை.
இடப்பக்கம் கிறுகினால் திரை விடாது.

கட்டத்துக்குக் கட்டம் ஒரு விளக்குக்கம்பம்.
தொட்டுவிட்டால், செத்தாலும்
அங்கேயிருந்து தொடங்கலாம்.
அதற்குப் பெயர் செக்பொயின்ட்
என்றான் ஞானமுத்தரின் மகன்.
நாங்கள் சிரித்த சிரிப்பில்
ஜெனரேட்டர் சத்தமே கேட்கவில்லை.

பாலத்தடியில் இருந்ததற்கும் அதே பெயர்.
அது ஆறு மணிக்குப் பூட்டும்.
தாண்ட வேண்டியவர்கள் ஐந்தரைக்கே எழும்புவோம்,
தபால்காரனைப் பனியில் ஒற்றைக்காலில் விட்டுவிட்டு.
அதனால் ஐந்தாம் கட்டம்,
அந்தச் சிறைக்கதவு,
ஒரு நாளும் திறந்து கண்டதில்லை.

குகதாசன் கண்டிருக்கிறான்.

"கடைசியில் கதவு திறக்கும். கைதி வெளியே வருவான்.
கடிதத்தை அவன் கையில் கொடுத்ததும் பனி நிற்கும்.
இரண்டு பேரும் வலப்பக்கமாக நடப்பார்கள்.
ஆகவே தபால்காரன் கடமை தவறாதவன் ஆவான்."

நாவலில் மன்னிப்புக் கடிதம் ஒரு நாள் பிந்தும்.
காவலாளி கையெழுத்து வைத்து வாங்குவான்.
தூக்குமரத்தடியில் பனியைக் கூட்டி ஒதுக்கியிருக்கும்.
தொப்பியைக் கழற்ற மறந்து நிற்பான் இவன்.
பதினொரு வருஷமாக அந்தப் பக்கத்தைப் படிப்பிக்கிறேன்.
ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் நிறுத்தி
போத்திலைத் திறந்து தண்ணி குடிப்பேன்.
பிள்ளைகள் தொண்டை வரட்சி என்று நினைப்பார்கள்.

புள்ளித்திட்டத்தில் கதவு திறப்பதற்கு
இடமில்லை.

ஆனால் எறிய மாட்டாத அந்த ஒரு கடிதம்?
முப்பத்தெட்டுத் தாளிலும் அது ஒருவன்தான்.
என் குறிப்பிலேயே இல்லை.
பாதி வட்டத்தை ஐந்தாக வளைத்தேன்.
கோணலாகத்தான் வந்தது.

கீழே எழுதினேன்:
நூலை வாசிக்கவும்.

நுளம்புத்திரி முடிந்து
சாம்பல் ஒரே துண்டாக விழுந்தது.
பிறகு, ஓரத்தில், சின்ன எழுத்தில்:
கதவு எப்படித் திறந்தது?
எந்தப் பட்டன்?
திங்கட்கிழமை இடைவேளைக்கு
போனோடு வா.