உதவக்கூடும்

வடசேரி சந்தையில் விடிவதற்குள்
ஏழு தடியங்காய், நாலு கிலோ பாவக்காய்,
ஒரு கட்டு மல்லியிலை.
கால் வைக்கும் இடத்தில் தடியங்காய் உட்கார
முழங்கால் அகட்டி ஸ்கூட்டர் ஓட்டுவதைப் பார்த்து
ஜெரோம் அண்ணன் கேட்பார், தினமும் கேட்பார்:
'இண்ணைக்கும் வீட்ல கல்யாணமா?'

ஆறேகாலுக்கு ஸ்டேடியம் வாசல்.
பச்சைச் சாறு, இருநூறு மில்லி குப்பி, நாற்பது ரூபாய்.
குப்பியில் ஒட்டிய தாளில்
சிவப்பில், பெரிதாக:
சர்க்கரையைக் குறைக்கும்.
ஆயிரம் அடித்தால்தான் விலை படியும் என்றார்கள் அச்சகத்தில்.
ஆயிரம் அடித்தேன்.

உணவுப் பாதுகாப்பு ஆபீஸிலிருந்து
குமாரதாஸ் சார் வந்தது ஆனிச் சாரலில்.
ஆரல்வாய்மொழிக் காற்று குடையைப் பிடுங்கப் பிடுங்க
ஒரு கையால் குப்பியைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.
லைசென்ஸ் எண் சரி. தேதி சரி.
சிவப்பெழுத்தில் விரல் நின்றது.
'இது மருந்தா?'
'சாறு.'
'சாறுண்ணா இந்த வரி கூடாது.'
'குறைக்க உதவும்ணு போடட்டா?'
'கூடாது.'
'உதவக்கூடும்?'
கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார்.
'அந்தக் கூடும் கூடாதும்மா.'

அறுநூற்றுப் பன்னிரண்டு தாள் மிச்சம்.
கறுப்பு மார்க்கர் மூன்று தீர்ந்தது.
வெயிலில் பிடித்தால்
அடித்த கோட்டுக்குள் சிவப்பு தெரிந்தது.
பிடித்துப் பார்க்க ஆள் இருந்தார்கள்.

அதுபோக, வாய்க்கு லேபிள் கிடையாது.
'என்ன செய்யும் இது?' என்று கேட்டால்
குனிந்து, களவு சொல்வதுபோல் சொன்னேன்:
'சுகர் நிக்கும் சார். மூணு மாசம் குடிச்சுப் பாருங்க.'
அச்சில் இருந்தபோது நம்பாதவர்களும்
குரல் தாழ்ந்ததும் நம்பினார்கள்.

செண்பகராமன் சார்,
மின்வாரியத்தில் கணக்குப் பார்த்தவர்,
காலிக் குப்பியோடு மூடியும் திருப்பித் தருபவர்,
ஐந்து சுற்று நடப்பவர்,
மாசிக் கடைசியில் மூன்றாம் சுற்றில் உட்கார்ந்தார்.
எழும்பவில்லை.
ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில் நர்ஸ்
'நானூற்றெண்பது' என்றாள், டாக்டரிடம்.
மாத்திரையை எப்போது நிறுத்தினார் என்று டாக்டர் கேட்டதற்கு
அவர் மனைவி என்னைப் பார்க்காமல் சொன்னார்:
'பொங்கல் கழிஞ்சு. இனி சாறு போதும்ணாரு.'

பிழைத்துக்கொண்டார்.
அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.
இடது கால் சுண்டுவிரல் மட்டும் போயிற்று.
மட்டும் என்று நான் சொல்லக் கூடாது.

பங்குனியில் அந்த அம்மா வந்தார்.
துணிப்பையில் பதினெட்டுக் குப்பி,
சோப்பு போட்டுக் கழுவி, காயவைத்து,
மூடிகள் தனியாக ஒரு கவரில்.
திட்டுவார் என்று நின்றேன்.
எண்ணிக்கொள்ளச் சொன்னார்.
எண்ணினேன்.

யாரும் புகார் கொடுக்கவில்லை.
அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.
அபராதம் என்றால் ரசீது உண்டு, கட்டிவிட்டு வரலாம்.

புதுத் தாள் அடித்தாயிற்று. வெள்ளையில் கறுப்பு.
தடியங்காய், பாவக்காய், மல்லியிலை, எலுமிச்சை, உப்பு.
வியாபாரம் பாதி.
ஏழு தடியங்காய் மூன்றானது,
முழங்கால் அகட்ட வேண்டாம்,
ஜெரோம் அண்ணன் கல்யாணம் கேட்பதில்லை.

இன்று ஒரு புது ஆள்.
ஷூ புதிது, விலைச்சீட்டின் நூல்கூட அறுக்கவில்லை.
'இது குடிச்சா என்னம்மா ஆகும்?'
குனியவில்லை. சத்தமாகவே சொன்னேன்:
'கசக்கும்.'
சிரித்தார். இரண்டு வாங்கினார்.
'மாத்திரை எடுக்கியளா?'
சிரிப்பு நின்றது.
மூடியைத் திருகிக்கொண்டே நடந்துவிட்டார்.

முதல் சுற்று முடித்து
இந்த வாசலைத் தாண்டித்தானே வரணும்.
மறுபடி கேட்பேன்.