எவருக்கும்

நிரல் இரண்டு மெகாபைட்.
உரிமக் கோப்பு பதினொரு வரி.
பதினொரு வரியைத்தான் தூக்க முடியவில்லை.

'கல்விப் பயன்பாட்டுக்கு மட்டும்.
எழுத்துப்பூர்வ அனுமதியின்றிப்
பிறருக்குக் கொடுக்கலாகாது.
அ. த்வைதேன், பெர்கன், 1996.'

ஃபொன் என்று அதற்குப் பெயர்.
நார்வேக்காரர் வாயில் அது பனிக்குவியல்.
சரிவின் கோணமும் மூன்று நாள் காற்றும் சொன்னால்
எந்த மடிப்பிலிருந்து பனி கழன்று இறங்குமென்று
கணக்குப் போட்டுச் சொல்லும்.

பகலில் நான் ஷிலினா ரயில் நிலையத்தில்
தவறவிட்ட பைகளுக்கு ரசீது எழுதுகிறவன்.
இரவில் எங்கள் லினக்ஸ் வழங்கலுக்குப்
பொதி கட்டுகிறவன்.
கூலி இல்லை. கேட்டதும் இல்லை.

மலை மீட்புக் குழுவின் ராதோவன் கேட்டான்:
'ஒரு கட்டளை தட்டினால்
எங்கள் எல்லா மடிக்கணினியிலும்
வந்து உட்காராதா?'
உட்காரும்.
ஆனால் ராதோவன்,
கால் முறிந்த சுற்றுலாக்காரரிடம்
ஹெலிகாப்டருக்குக் காசு வாங்குகிறீர்களே,
அது கல்வியா, வணிகமா?
அவன் சிரித்தான்.
நான் சிரிக்கவில்லை.

முதல் மின்னஞ்சல் போன வேகத்தில் திரும்பியது.
இரண்டாவதற்குத் துறைச் செயலர்:
'ஓய்வு பெற்றுவிட்டார். படகில் இருப்பார்.'
மூன்றாவதைத் தாளில் எழுதித் தபால்தலை ஒட்டினேன்.
உரிமை தங்களுடையதா அவருடையதா என்று
பார்த்துக்கொண்டிருப்பதாகப் பல்கலைக்கழகம்
பிப்ரவரியில் எழுதியது.
ஜூனிலும் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆகஸ்டில் வந்தது:
'அன்புள்ள லுபோர்,
அது இன்னுமா ஓடுகிறது!
உங்களுக்குத் தந்தேன், மகிழ்ச்சியோடு.
உங்கள் வழங்கலில் வைத்துக்கொள்ளுங்கள்.'

ஆறு மாதம் காத்துக் கிடந்தவன்
நன்றி சொல்லிவிட்டுத் தூங்கப் போயிருக்கலாம்.
நான் மறுத்தெழுத உட்கார்ந்தேன்.
கொடுத்த கையைப் பிடித்து
இப்படிக் கொடுக்காதீர்கள் என்பது
எந்த ஊர் மரியாதை?

'ஐயா, எனக்கு மட்டும் என்றால் வேண்டாம்.
என்னிடமிருந்து நகலெடுப்பவர்
வெறுங்கையோடு நிற்பார்.
நாளை எங்கள் வழங்கல் நின்றுபோனால்
உங்கள் அனுமதியும் அதோடு போகும்.
வாங்கப்போகிறவர் யாரென்று
உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
திருத்துவார். விற்கவும் கூடும்.
"உங்களுக்கு" இருக்கும் இடத்தில்
"எவருக்கும்" என்று எழுத முடியுமா?'

பத்தொன்பது நாள்.
கெடுத்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

பிறகு ஒரு நீண்ட கடிதம்.
முன்பொரு நிறுவனம் நிரலை எடுத்து
அவர் பெயரைச் சுரண்டிவிட்டு விற்றதாம்.
அந்த இரவில் எழுதியதுதான் பதினொரு வரி.
'அவர்கள் கடையை மூடி வெகுகாலம் ஆயிற்று.
என் கோபம் மட்டும்
கோப்பில் குடியிருக்கிறது.
சரி. எவருக்கும்.
ஆனால் சமன்பாடுகளைத் தீர்க்கும் பகுதி
நான் எழுதியதல்ல.
ஒரு கோடைக்குச் சிலியிலிருந்து வந்த
மாணவி எழுதியது. அவரைக் கேளுங்கள்.'

மறுபடி முதலிலிருந்து.

ஹிமேனா இப்போது புன்தா அரேனாஸில்
மீன்பிடிப் படகுகளின் குளிர்பெட்டி பழுதுபார்க்கிறார்.
ஒரே இரவில் பதில்:
'நானா எழுதினேன்?
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில்
அந்த அவசரக் குறுக்குவழியைப் பார்த்ததும்
என் கைதான் என்று தெரிந்தது.
எவருக்கும், தாராளமாக.
ஒன்று மட்டும்.
எண்பதாம் எழுத்தோடு வரி முடிந்ததால்
என் குடும்பப் பெயரைப்
பாதியில் வெட்டிவிட்டார் பேராசிரியர்.
இருபத்தேழு வருடமாக
அதில் பாதி ஆளாக இருக்கிறேன்.'

பொதி போய்ச் சேர்ந்த மறுவாரம்
பல்கலைக்கழகம் எழுதியது:
உரிமை அவர்களுடையதல்ல என்று கருதுகிறார்களாம்.
அச்சிட்டுக் கோப்பில் வைத்தேன்.

முதல் பனி விழுவதாக ராதோவன் சொன்ன அன்று
பதிப்புரிமைக் கோப்பை இன்னொருமுறை திறந்தேன்.
ஹிமேனா கூரிவெந்த்ரோ.
எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன்.
பெயர் நீளம்தான்,
அடுத்த வரிக்கு இறங்குகிறது.
இறங்கட்டும்.